கிருத்திகையன்று மூடும் கடை

ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு மேல் வர மறுத்தது.

கோதண்டபாணி ஓர் உதை விட்டார். ஷட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய கட்டைவிரல்தான் வீங்கியது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"உதைச்சா தொறக்காது, தூக்குனாத்தான் தொறக்கும்னு யாராவது அந்தாளுக்குச் சொல்லுங்கப்பா" என்றான் ஷட்டரின் வலது கோடியில் நின்றிருந்த கஜபதி.

"தூக்கிகினுதான் இருக்கறேன். கண்ணு தெரியலன்னா ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லு" என்றார் இடது கோடியில் நின்றிருந்த கோதண்டபாணி.

சொல்வதற்கு நடுவில் ஆள் யாரும் இல்லை. கஜபதி தன் கையிலிருந்த பூட்டைப் பார்த்துச் சொன்னான். கோதண்டபாணி தன் கையிலிருந்த பூட்டைப் பார்த்துச் சொன்னார். இத்தனை வருடத்தில் அந்த இரண்டு பூட்டுகளுக்கும் இந்தக் குடும்ப விவகாரம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

இருவரும் கூடப் பிறந்தவர்கள். அப்பா ஹேமநாதன் காலமான பிறகு, திருத்தணிக் கோயில் மலைக்குப் போகும் சாலையில் இருந்த அவருடைய அச்சகத்தை நடுவில் பிளைவுட் அடித்து இரண்டாக்கிக்கொண்டார்கள். ஷட்டரை இரண்டாக்க வழியில்லை. அதனால் பூட்டை இரண்டாக்கிக்கொண்டார்கள். ஒருவர் வராமல் மற்றவர் கடை திறக்க முடியாது. அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தால் தம்பிக்கும் அன்றைக்கு லீவு. பேச்சுவார்த்தையே இல்லாமல் இவ்வளவு ஒற்றுமையாகத் தொழில் செய்யும் சகோதரர்கள் தாலுகாவில் வேறு யாரும் கிடையாது.

இடது பாதியில் கோதண்டபாணியின் ஃபிளெக்ஸ், ஜெராக்ஸ், கல்யாணப் பத்திரிகை. வலது பாதியில் கஜபதியின் காவடிச் சாமான்கள்: மயிலிறகு, பன்னீர், விபூதி, தகரக் குடம், விளக்கு எண்ணெய். பிளைவுட் தொடங்கும் இடத்தில், இரண்டு பக்கத்துக்கும் பாதிப் பாதியாக, அப்பா விட்டுப்போன பழைய டிரெடில் மெஷின் நின்றது. காலால் மிதித்து அச்சடிக்கும் இரும்புப் பூதம்.

இப்போது அது நிற்கவில்லை. முந்தின இரவு, ஆடிக் கிருத்திகைப் பந்தலுக்குச் சவுக்குக் கழி ஏற்றிவந்த லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும்போது ஷட்டரை இடித்துவிட்டு, அதைப் பற்றி யாரிடமும் பேசாமல் போய்விட்டிருந்தது. ஷட்டர் உள்பக்கமாகக் குழிந்து மெஷினை இடித்ததில், மெஷினுக்கு ஒரு கால் முறிந்து, மொத்த எடையையும் ஷட்டர்மேல் போட்டுச் சாய்ந்துகொண்டது.

கோதண்டபாணி குப்புறப் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அவன் பக்கத்துக் காலுதான் ஒடஞ்சிருக்குது. என் பக்கத்துக் கால் கல்லு மாதிரி நிக்குது. சொல்லிடு" என்று பூட்டிடம் சொன்னார்.

"சக்கரத்தையே வித்துத் தின்ன ஆளு, காலப் பத்திப் பேசுறாரு பாரு" என்றான் கஜபதி தன் பூட்டிடம்.

இந்த இடத்தில் சக்கரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

டிரெடில் மெஷின் என்றால் பக்கவாட்டில் ஆள் மார்பு உயரத்துக்குப் பெரிய இரும்புச் சக்கரம் ஒன்று இருக்கும். மிதிக்க மிதிக்க அது சுற்றும், மெஷின் ஓடும். இந்த மெஷினில் சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் அச்சாணி நீட்டிக்கொண்டிருந்தது. கோதண்டபாணிக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே அப்படித்தான். சின்ன வயசில் கேட்டபோதெல்லாம் ஹேமநாதன் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "சக்கரம் பத்திரமா இருக்குது. வரவேண்டிய நேரத்துக்கு வரும்."

அவர் போய்ச் சேர்ந்ததும் இரண்டு மகன்களும் பரண், கிணற்றடி, மொட்டைமாடி எல்லா இடத்திலும் தேடினார்கள். சக்கரம் இல்லை. அண்ணன்தான் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான் என்று தம்பிக்குத் தோன்றியது. தம்பிதான் போட்டுவிட்டான் என்று அண்ணனுக்குத் தெரியவே தெரிந்தது. அன்றைக்கு நின்ற பேச்சு.

ஊர் நினைத்தபடி பார்த்தால் ஹேமநாதன் ஒரு மகான். அச்சடித்த நேரம் போக, சுற்று வட்டாரத்தில் எந்த அச்சகத்தில் மெஷின் நின்றாலும் அவர்தான் போய்க் கழற்றுவார். கழற்றுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஜெராக்ஸ் வந்து தொழில் படுத்தபோது ஓடிக்கொண்டிருந்த மெஷின்களை எல்லாம் விற்றார். ஓடாத இதை மட்டும் எத்தனை பேர் கேட்டும் விற்கவில்லை. "இது நம்முது இல்லப்பா" என்று மேலே மலையைக் கையால் காட்டிவிடுவார். இரங்கல் கூட்டத்தில் அச்சக உரிமையாளர் சங்கத் தலைவர் இதைச் சொல்லித்தான் கண் கலங்கினார். தன் சொத்தையே தன்னுடையது இல்லை என்று சொல்ல எப்பேர்ப்பட்ட மனசு வேண்டும்.

"அப்பா."

கோதண்டபாணி திரும்பிப் பார்த்தார். மகள் சினேகா டிபன் கேரியரோடு நின்றிருந்தாள். அரக்கோணத்தில் ஒரு தனியார் வங்கியில் வேலை. ஆவணியில் கல்யாணம்.

"கிருத்திகைக்கு மொதப் பத்திரிகைய மலை மேல வெச்சிடலாம்னு மாப்ள வூட்ல கேக்கறாங்க. ஊருக்கே பத்திரிகை அடிக்கிற ஆளு, பெத்த பொண்ணுக்கு இன்னும் அடிக்கல."

"அடிச்சிக் குடுத்தேனே. நீதான் திருப்பி எறிஞ்ச."

"அதுல பொதட்டூர்பேட்டைல இருக்கற உங்க ஒண்ணு விட்ட சித்தியோட மச்சான் பேரு இருக்குது. என் சித்தப்பா பேரு இல்ல. அந்தப் பத்திரிகைய நான் எந்த வூட்டு வாசல்லயும் நீட்ட மாட்டேன்."

"சக்கரம் வரட்டும். பேரு வரும்."

"சினேகா" என்றான் கஜபதி. "சக்கரத்த வித்த கை அடிச்ச பத்திரிகைல என் பேரு வந்தாலும் நான் மண்டபப் படி ஏற மாட்டேன்னு சொல்லிடும்மா. உனக்கு வேண்டியத சித்தப்பா கோயில்ல வெச்சுத் தர்றேன்."

சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. சினேகாவை ஸ்கூலுக்குத் தினமும் சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுபோய் விட்டவன் அவன்தான். இன்றைக்கும் மலையிலிருந்து பிரசாதம் வந்தால், பிளைவுட்டுக்கு அடியிலிருக்கும் சந்து வழியாக அவள் பங்கை இடது பாதிக்குத் தள்ளிவிடுவான்.

"நல்லா இருக்குது" என்றாள் சினேகா. "சித்தப்பா இல்லன்னா எனக்குக் கல்யாணமும் இல்ல. நான் மாப்ள வூட்டுக்கு நாளன்னைக்குப் பதில் சொல்லணும். இந்த இரும்ப ரிப்பேர் பண்றீங்களோ, எடைக்குப் போடுறீங்களோ, அதுக்குள்ள ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க."

டிபன் கேரியரை இரண்டு பூட்டுகளுக்கும் நடுவில் வைத்துவிட்டுப் போனாள்.

கோதண்டபாணி, வந்த கோபத்தில் உடனே ஒரு முடிவுக்கு வந்தார். மெஷினைச் சரிபண்ணுவது. அதிலேயே மகளின் முதல் பத்திரிகையை அடித்து, சக்கரம் எடுத்த திருடன் மூஞ்சிக்கு நேரே ஆட்டுவது. சக்கரம் இல்லாமல் அது எப்படி ஓடும் என்ற கேள்வி அவர் கோபத்துக்குக் குறுக்கே வரவில்லை. அம்மையார்குப்பத்தில் விசைத்தறி மெக்கானிக் தங்கவேலுக்குப் போன் போட்டார்.

அண்ணன் மெக்கானிக்கைக் கூப்பிட்டது காதில் விழுந்ததும் கஜபதி கே.ஜி.கண்டிகையில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் பரந்தாமனுக்குப் போன் போட்டான்.

இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

தங்கவேல் ஷட்டருக்கு அடியில் தவழ்ந்து உள்ளே போனார். டார்ச் அடித்து மெஷினை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுல நாடா எந்தப் பக்கம் போய் எந்தப் பக்கம் வருதுங்க?" என்று குரல் வந்தது.

"நாடாவா? இது தறி இல்லய்யா, அச்சு மெஷினு."

"அதுக்கின்னாங்க, இரும்பு இரும்புதான். ஆங், ஒரு காலு வெல்டிங் வெச்சிட்டா நிக்கும். ஓட்டிடலாம். சக்கரம் மட்டும் எடுத்துக் குடுங்க."

"சக்கரத்துக்கு அந்தப் பக்கம் கேளு" என்றார் கோதண்டபாணி.

"எந்தப் பக்கங்க?"

"என் பக்கம் இல்லாத பக்கம்."

அடுத்து பரந்தாமன் தவழ்ந்து போனார். மெஷினை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வெளியே வந்து, துக்க வீட்டில் சொல்வதுபோல் சொன்னார். "எடையே சக்கரத்துலதாங்க இருக்கும். இது எலும்புக்கூடு. இத எடுத்துனு போனா டீசல் காசுகூடத் தேறாது. சக்கரத்தோட குடுத்தீங்கன்னா யோசிக்கலாம்."

"கேட்டியா?" என்றான் கஜபதி தன் பூட்டிடம். "எடைக்குக்கூடப் போவாதாம். சரி, ரிப்பேரே பண்ணித் தொலைக்கட்டும். எனக்கு ஷட்டர் தொறந்தா போதும். கிருத்திகை யாவாரம் இன்னிக்கும் நாளைக்குந்தான்."

தம்பி ரிப்பேருக்குச் சம்மதித்துவிட்டான் என்றதும் கோதண்டபாணிக்கு அதில் ஏதோ சதி இருப்பது தெரிந்தது.

"ரிப்பேரும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம். எடைக்கே போடுறோம்."

"அண்ணன் சொல்லி நான் கேக்கணுமா? ரிப்பேருதான்."

"எடைக்குத்தான்."

தங்கவேலும் பரந்தாமனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷேர் ஆட்டோவில் வரும்போதே இருவருக்கும் சிநேகம் ஆகிவிட்டிருந்தது.

"நீங்க முடிவு பண்ணிகினே இருங்க. மொதல்ல ஷட்டரத் தொறந்து வுடறேன்" என்றார் தங்கவேல்.

லாரி ஷெட்டிலிருந்து ஜாக்கி வந்தது. மெஷினுக்கு அடியில் வைத்து ஏற்ற, மெஷின் முனகிக்கொண்டே நிமிர்ந்தது. ஷட்டர் விடுபட்டது. பரந்தாமன் கொக்கி போட்டு இழுக்க, அது கடகடவென்று உச்சி வரைக்கும் போனது. தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். கோதண்டபாணியின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகக் கோபம் இல்லாத ஓர் இடம் தெரிந்தது. இடது புருவத்துக்குக் கொஞ்சம் மேலே.

அப்போது தம்பி பக்கத்தில், லாரி இடித்த இரவே கவிழ்ந்திருந்த விளக்கு எண்ணெய் டின்னிலிருந்து தரையில் பரவியிருந்த எண்ணெய் தன் வேலையைச் செய்தது. ஜாக்கி வழுக்கியது. மெஷின் மிகுந்த மரியாதையோடு, அவசரமே இல்லாமல், சறுக்கிக்கொண்டு வந்து கடை வாசற்படியில், ஷட்டர் இறங்கும் கோட்டுக்கு நேர் கீழே மண்டியிட்டு உட்கார்ந்தது.

ஜாக்கி அடியில் மாட்டிக்கொண்டது. நான்கு பேர் சேர்ந்து தள்ளினார்கள். அசையவில்லை. இன்னும் நான்கு பேர் வந்தார்கள். வந்தவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

"இப்ப ஷட்டர் எறங்காதே" என்றார் கோதண்டபாணி.

"நீங்க தொறக்கத்தான் கூப்டீங்க" என்றார் தங்கவேல். "தொறந்துச்சா இல்லியா?"

அண்ணன் தம்பி இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறந்து, ஒரே கெட்ட வார்த்தையைச் சொன்னார்கள். அப்பாவின் வார்த்தை அது. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தங்கவேலும் பரந்தாமனும் அதே ஆட்டோவில் போய்விட்டார்கள்.

கிரேன் வைத்துத் தூக்கலாம் என்று கோதண்டபாணி மறுநாள் ஆள் பிடித்தார். கிரேன் தெருமுனைக்கு வந்ததும் பந்தோபஸ்துக்குப் போட்டிருந்த கான்ஸ்டபிள் திலீப் கை காட்டி நிறுத்தினார்.

"கிருத்திகை முடியறவரைக்கும் இந்த ரோட்ல சைக்கிள்கூடப் போவாது சார். இத்தினி பெரிய வண்டிய எங்க வுடறது?"

"கடைய மூட முடியலய்யா."

"மூடாதீங்க. ஊரே தொறந்து வெச்சிகினுதான் யாவாரம் பண்ணுது. நீங்க மட்டும் இன்னாத்துக்கு மூடணும்?"

கோதண்டபாணியால் அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. இந்தப் பையன் வெளியூர். விஷயம் தெரியாது.

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணியில் தண்ணீர் பாக்கெட் விற்பவன்கூட ஒரு வருடத்துக்குச் சம்பாதித்துவிடுவான். இந்தப் பக்கம் வேலூர், அந்தப் பக்கம் நகரி, புத்தூர் என்று ஜனம் காவடி தூக்கிக்கொண்டு வந்து குவியும். அன்றைக்குக் கடை மூடியிருக்கும் ஒரே குடும்பம் இவர்களுடையது. காவடிச் சாமான் விற்கும் கஜபதி, காவடி வரும் நாளில் ஷட்டரை இறக்கிவிடுவான். வயிறு எரியும், ஆனாலும் இறக்குவான். அப்பா போட்ட கட்டு அது.

ஹேமநாதன் கிருத்திகைக்கு முந்தின இரவே ஷட்டரை இறக்கி, உள்ளே மெஷினுக்குப் பின்னால் பாய் விரித்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு மௌன விரதம் இருப்பார். பிள்ளைகளும் மூச்சு விடக் கூடாது. அன்றைக்கு எப்படியும் ஒரு நேரத்தில் வெளியே யாரோ ஷட்டரைத் தட்டுவார்கள். டங், டங், டங். ஹேமநாதன் துண்டுக்குள்ளிருந்து விரலை மட்டும் நீட்டி உதட்டின் மேல் வைத்துக்காட்டுவார். பிறகு மெதுவாகச் சொல்வார்: "தொறக்கக் கூடாது. சோதனை."

வருடம் தவறாமல் தட்டல் கேட்டது. மலையிலிருந்து இறங்கிவந்து தட்டுவது யார் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. அப்பா போன பிறகும், பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் இந்தப் பக்கம் ஒருவராக இரண்டு மகன்களும் இருட்டில் உட்கார்ந்து அந்தத் தட்டலைக் கேட்டார்கள். கோதண்டபாணிக்கு ஒவ்வொரு முறையும் உடம்பெல்லாம் சிலிர்க்கும். வருடத்தில் அவர் கோபப்படாமல் இருக்கும் நாள் அது ஒன்றுதான்.

அந்த நாளில் இப்போது கடை வாயைப் பிளந்துகொண்டு இருக்கப்போகிறது.

"மாமனார் ஆவி உங்கள சும்மா வுடாது" என்றாள் வீட்டில் மனைவி நிர்மலா, சோறு போட்டபடி. "ஒரு படுதாவக் கட்டித் தொங்க வுடுங்களேன். மூடுன மாதிரி கணக்குல வரும்."

அது நல்ல யோசனையாகத் தெரிந்தது. அப்படித் தெரிந்ததுதான் தப்பு.

படுதா எதற்கு, அவரிடம்தான் ஃபிளெக்ஸ் இருக்கிறதே. வாசலை முழுக்க மறைக்கும் அளவில் ஒன்று அடித்தார். பெரிதாக அப்பாவின் படம், கைகூப்பிய நிலையில். கீழே, 'ஆடிக் கிருத்திகையை முன்னிட்டு'. அதற்குக் கீழே, 'இன்று கடை விடுமுறை'. கிருத்திகை காலையில் தொங்கவிட்டார். மெஷினின் அச்சாணி ஃபிளெக்ஸின் அடிப்பாகத்தைத் தூக்கிச் சுருட்டிவிட்டதில் 'விடுமுறை' வரி மறைந்துபோனது. வெளியே தெரிந்தது கைகூப்பிய பெரியவரும் 'ஆடிக் கிருத்திகையை முன்னிட்டு' என்ற வரியும்தான்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் வரிசை நின்றது.

"மோர் எப்ப ஊத்துவீங்க?" என்று ஓர் அம்மா ஃபிளெக்ஸை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"மோரு இல்லம்மா. கடை லீவு."

"பொங்கலா? தொன்னைல குடுப்பீங்களா, பாத்திரம் எடுத்தாரணுமா?"

"ஒண்ணும் கெடையாதுன்னு சொல்றேன் இல்ல. போங்கம்மா."

"பெரியவரு எம்மாந் தங்கமா கையெடுத்துக் கும்புட்டுனு நிக்கறாரு. புள்ள பாரு, எரிஞ்சி எரிஞ்சி வுழுது."

வரிசை நகரவில்லை; நீண்டது. ஏன் நிற்கிறோம் என்று தெரியாதவர்களும் வந்து நின்றார்கள். கோதண்டபாணி கத்தக் கத்த, உள்ளே ஏதோ பெரிதாகக் கொடுக்கப்போகிறார்கள், அதனால்தான் இவ்வளவு கெடுபிடி என்று பேச்சு பரவியது. வலது பாதியில் கஜபதியால் பொறுக்க முடியவில்லை. கேட்டவர்களுக்கு விபூதிப் பொட்டலத்தைச் சும்மா எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தான்.

"கடை மூடியிருக்கற நாள்ல குடுக்கறான் பாரு" என்று கோதண்டபாணி பூட்டைத் தேடினார். பூட்டு வீட்டில் இருந்தது.

அந்த நேரம் பம்பை அடித்துக்கொண்டு ஒரு கூட்டம் போனது. நடுவில் ஒருவர் பெரிய மயில் காவடியோடு சுழன்றார். காவடியின் வளைவு ஃபிளெக்ஸில் மாட்டி, அப்பாவையும் 'முன்னிட்டு'வையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு மலையை நோக்கிப் போனது. "அரோகரா" என்று ஜனம் அப்பாவின் படத்துக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கடை வெட்டவெளியாகிவிட்டது. வாசற்படியில் மண்டியிட்ட மெஷின். சக்கரம் இல்லாத அச்சாணி தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது, 'எங்கே' என்று கேட்கும் விரல் மாதிரி.

கோதண்டபாணியின் கோபத்துக்குப் பூட்டு கிடைக்கவில்லை, ஆள் கிடைக்கவில்லை. நேரே தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

"எல்லாம் உன்னாலதான்டா."

இத்தனை வருடத்தில் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

"என்னாலயா?" என்றான் கஜபதி. "சக்கரத்த வித்தது நீ."

"நீடா."

"நீதான். அப்பா ஆஸ்பத்திரில கெடக்கும்போது சாவி உன்கிட்டதான் இருந்திச்சி."

"அவரு ஆஸ்பத்திரில கெடக்கும்போது நான் பக்கத்துல கெடந்தேன்டா. நீ எங்க இருந்த?"

"மலையில இருந்தேன். அவருக்காக மொட்ட போட்டுகினு இருந்தேன். திரும்பி வரத்துக்குள்ள அவரு இல்ல. சக்கரமும் இல்ல."

"பேசறான் பாரு. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு. கற்பூரம் இருக்குதா உன்கிட்ட?"

கற்பூரம் கஜபதியின் கடையில் மூட்டையாக இருந்தது. ஒரு பிடி அள்ளிவந்து மெஷின்மேல், மை தடவும் வட்டத் தட்டில் வைத்தான். கோதண்டபாணி கொளுத்தினார். எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, 'நான் எடுக்கவில்லை' என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. பொய் என்றால் குடும்பம் விளங்காது. இருவரும் அடித்தால் ஒருவர் பொய். அதற்கப்புறம் ஒருவர் சாவுக்குக்கூட மற்றவர் வர முடியாது.

பத்திரிகையை மலையில் வைப்பதா வேண்டாமா என்று கேட்க வந்த சினேகா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கற்பூரத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அப்பா, வேணாம்."

"நகரு."

"சித்தப்பா, நீயாவது கேளு. ரெண்டு பேரும் அடிச்சிட்டீங்கன்னா எனக்கு நீயும் இல்ல, அவரும் இல்ல. மாப்ள வூட்டுக்கு இப்பவே போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன். சத்தியமா சொல்றேன்."

"என் பொண்ணு கல்யாணம் நின்னாலும் பரவால்ல" என்றார் கோதண்டபாணி. சொன்னபோது அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. கை மட்டும் மேலே போனது.

எதிரில் கஜபதியின் கையும் மேலே போனது. அவன் கண் கலங்கியிருந்தது, புகையினால் இருக்கலாம்.

கற்பூரம் நன்றாகப் பற்றிக்கொண்டு எரிந்தது. மோருக்கு நின்ற வரிசை அப்படியே கும்பிட்டது.

"ஆங், பூசையே போட்டாச்சா?"

மஞ்சள் வேட்டியும் மொட்டைத் தலையில் சந்தனமுமாக ஒரு பெரியவர் வரிசையை விலக்கிக்கொண்டு படியேறினார். தோளில் காவடி. முகமெல்லாம் சிரிப்பு. நேரே மெஷினுக்குப் பக்கத்தில் வந்து, காணாமல் போன மாட்டைக் கண்டுபிடித்தவர் மாதிரி அதன் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு நெருப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

உயர்ந்த கைகள் இரண்டும் உயர்ந்தபடியே நின்றன.

"யாருங்க நீங்க?" என்றாள் சினேகா.

"நகரிலேருந்து வரேம்மா, பங்காரு. இந்த மெஷின ரிப்பேருக்கு வுட்டது எங்க நைனாதான். 'ஆடிக் கிருத்திகைக்கு வா, ரெடியா இருக்கும்'னு இந்தக் கடைக்காரரு சொன்னத நம்பி வருசா வருசம் வந்து ஷட்டரத் தட்டித் தட்டிப் பாத்துட்டுப் போறோம், இன்னிக்குத்தான் கடை தொறந்து கீது. ரிப்பேரு முடிஞ்சிதுன்னா சொல்லுங்க, சக்கரம் எங்க வூட்லதான் பத்திரமா இருக்குது, எடுத்தாந்து மாட்டிடலாம்."